சாண்டரை அழுத்தாதீர்கள்: பலகையில் சுழி விழும் கதை

அக்கா வீட்டுக்கென்று நான் செய்த முதல் சாப்பாட்டு மேசை சவுக்குப் பலகையில் செய்தது. தேயிலைக்கு நிழலாக நிற்கிற மரம்தான். கிரவீலியா, சபுக்கு, சில்வர் ஓக் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சாண்டர் மெசினால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. வார்னிஷுக்கு முன் அடிக்கிற சீலர் ஒரு கோட் அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். பின்னேரம் ஜன்னல் வழியாக வெயில் சரிந்து விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பலகை முழுக்கச் சின்னச் சின்னச் சுழிகள், யாரோ குட்டி முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி. பக்கத்து லயத்துத் தச்சு பாஸ் வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, மெசினுக்கு மேல ஏறி உட்கார்ந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பாதிக்கு மேல் உண்மை. நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான், அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் என்று ஹார்ட்வெயார் கடையில் கேட்டு வாங்கும் வட்ட மெசினுக்கு இரண்டு அசைவு உண்டு. மோட்டார் அடித்தட்டைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தின்போதே, பேரிங்கில் தளர்வாக உட்கார்ந்திருக்கும் தட்டு தன்பாட்டில் சுழலவும் செய்கிறது. இரண்டும் சேரும்போதுதான் தட்டில் ஒட்டிய வட்ட சாண்ட் பேப்பரின், அதாவது டிஸ்க்கின், ஒரு மணல் துகள் போன தடத்திலேயே மறுபடி போகாமல் கீறல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போகும். நீங்கள் மேலே இருந்து அழுத்தினால் ஆட்டம் நிற்காது, சுழற்சி மட்டும் நின்றுவிடும். மெசின் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பதால் வேலை நடப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு துகளும் ஒரே இடத்தில் ஒரே குட்டி வட்டத்தைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருக்கும். என் மேசையில் விழுந்த முறுக்கு அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போடுங்கள். மெசினைப் பலகையில் வைத்து, கையின் பாரம் மட்டும் இருக்கும்படி ஓட்டுங்கள். கோடு மெதுவாகச் சுற்றி வருவது தெரியும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் கோடு ஒரே இடத்தில் நடுங்கும். அந்த அழுத்தத்துக்கு ஒருபோதும் போகக்கூடாது. மெசினின் சொந்த எடையும் அதன் மேல் சும்மா வைத்த உள்ளங்கையும் போதும். அதற்கும் மரம் தேயவில்லை என்றால் கையில் குறையில்லை. பேப்பர் தேய்ந்துவிட்டது, அல்லது தவறான நம்பரை எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது அவசரம். ஜன்னல் துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் வீசி இழுத்தால் கீறல்கள் நீண்டு, ஒன்றையொன்று அழிக்க நேரமில்லாமல் போகும். ஒரு வினாடிக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் பலகையைக் கடக்க 40 வினாடி ஆகும். முதல் தடவை பொறுமை போய்விடும், உண்மையைச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையின் பாதியை மூடிக்கொண்டு போகட்டும். மெசினைப் பலகையில் தட்டையாக வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் ஓடும்போதே நேராகத் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். காற்றில் முழு வேகத்தில் சுழலும் தட்டை மறுபடி மரத்தில் இறக்கினால் இறங்கிய இடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழும். ஒரு முடிச்சையோ கறையையோ போக்குவதற்காக ஓரத்தைச் சாய்த்துத் தேய்ப்பதும் அதே கதைதான். அங்கே பள்ளம் விழும், வார்னிஷ் அடித்ததும் அது எல்லார் கண்ணிலும் படும்.

இனி நம்பர். பேப்பரின் பின்பக்கம் 80, 120, 180 என்று எண் இருக்கும். எண் கூடக்கூடத் துகள் சின்னதாகும். ஐரோப்பிய அளவுமுறையில் பி 80 பேப்பரின் துகள் சராசரியாக 200 மைக்ரான், பி 120 இல் 125, பி 180 இல் 82, பி 240 இல் 58 மைக்ரான் அளவில் இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். 80 போட்டுவிட்டு நேராக 240 க்குத் தாவினால் என்ன நடக்கும்? 200 மைக்ரான் கல் கிழித்த பள்ளத்தை 58 மைக்ரான் பொடி நிரவ முடியாது. மேட்டை மட்டும் மினுக்கிவிட்டுப் போகும். கை தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருப்பது அதனால்தான். பள்ளத்தின் அடி அப்படியே இருக்கும். சீலரோ சாயமோ உள்ளே இறங்கியதும் கறுப்புக் கோடாக எழும்பி வரும்.

ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே ஒரு வேலைதான்: முன் நம்பர் போட்ட கீறலை அழிப்பது. அழிந்ததா என்று தெரிந்துகொள்ள பாஸ் ஒரு பென்சில் தந்தார். பலகை முழுக்க லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும். கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறைந்தால் மெசின் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. பிறகு அடுத்த நம்பருக்கு மறுபடி கிறுக்கல். பள்ளிக்கூடப் பிள்ளை வேலை மாதிரித் தோன்றும், ஆனால் ஓரங்களை நாம் எவ்வளவு ஏமாற்றுகிறோம் என்பதை இதைப் போலக் காட்டிக்கொடுக்க வேறொன்றும் இல்லை.

மேசைக்கு 80, 120, 180 என்று மூன்று படி போதும் என்பது என் கருத்து. நன்றாக இழைப்புளி போட்ட பலகையாக இருந்தால் 120 இல் தொடங்கலாம். மில்லில் அறுத்த தடம் அப்படியே இருந்தால் 60. 320, 400 என்று ஏறிக்கொண்டே போவது பலருக்குப் பெருமை. வார்னிஷுக்கு முன் அவ்வளவு மினுக்கினால் மரத்தின் வாய் அடைபட்டு, சாயம் சரியாக இறங்காது. 320 ஐ இரண்டு கோட்டுக்கு நடுவில் லேசாகத் தடவ வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் வெட்டுமுனை மட்டும் விதிவிலக்கு. அது சாயத்தைக் குடிக்கும், அதனால் அங்கே ஒரு நம்பர் கூடுதலாகப் போகலாம். எல்லாம் முடிந்ததும் கடைசி நம்பர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, மரத்தின் இழை போகும் பக்கமாகக் கையால் நாலு இழுப்பு இழுங்கள். மிச்சம் மீதிச் சுழி அதில் போகும்.

வாங்கும்போது எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க அளவில் வரும் பேப்பரில் அந்த எழுத்து இருக்காது. சொரசொரப்பு நம்பர்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மெல்லிய நம்பர்களில் நிறைய விலகும். அமெரிக்க 400 கிட்டத்தட்ட பி 800 க்குச் சமம். ஒன்றுமே எழுதாத மலிவு டிஸ்க்கில் இன்னொரு தொல்லை உண்டு. துகளெல்லாம் ஒரே அளவில் இல்லாமல் ஒரு முரட்டுக் கல் நடுவில் கிடந்தால் அது ஒன்றே பலகை முழுக்கக் கோடு கிழிக்கும்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 80 இலிருந்து உதிர்ந்த துகள் பலகையில் கிடக்க, அதன் மேலேயே 120 ஐ ஓட்டினால் நீங்கள் இன்னமும் 80 ஐத்தான் ஓட்டுகிறீர்கள். நம்பர் மாற்றும்போதெல்லாம் பலகையைத் துடைத்து, தட்டின் அடியையும் தட்டுங்கள். 125 மில்லிமீட்டர் டிஸ்க்குகளில் பெரும்பாலும் எட்டு ஓட்டை இருக்கும். அவை தட்டின் ஓட்டைகளோடு நேராக உட்கார வேண்டும். என் தம்பி "ஒட்டினால் சரிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவான். ஓட்டை அடைபட்டால் தூசி வெளியே போகாமல் நடுவில் சிக்கிச் சூடேறும். சூடு ஏறினால் தட்டில் இருக்கும் வெல்க்ரோ கொக்கிகள் உருகும், அதன் பிறகு எந்த டிஸ்க்கும் நிற்காது. டிஸ்க் இல்லாமல் வெறும் தட்டை மரத்தில் ஓட்டினாலும் அதே கதிதான். புதுத் தட்டு வாங்குகிற காசுக்கு எத்தனை டிஸ்க் வரும் என்று கடையில் விசாரித்துப் பாருங்கள்.

நமது மலையில் இதற்கெல்லாம் மேலே ஈரம் என்று ஒன்று இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டு முடிவில் வடகீழ் மழை. காற்றின் ஈரப்பதம் 65 வீதமாக இருந்தால் மரம் 12 வீத ஈரத்தோடு அடங்கும். காற்று 85 வீதத்தில் நின்றால் மரம் 18 வீதத்தில் நிற்கும். அப்படிப்பட்ட பலகையைத் தேய்த்தால் தூள் பறக்காது. மாவு பிசைந்த மாதிரி டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும், மரத்தில் பஞ்சு மாதிரி நார் எழும்பும். பலகையை அடுப்படிப் பக்கம் சில கிழமை அடுக்கி, நடுவில் ரீப்பர் துண்டு வைத்துக் காற்றோட விட்ட பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. டிஸ்க்குகளையும் சுவரோரம் மாட்டி வைக்காதீர்கள். பேப்பர் ஈரம் குடித்துச் சுருளும். பழைய பிஸ்கட் டின்னில் தட்டையாக அடுக்கி மூடி வைத்தால் பல மாதம் கெடாது.

அப்பிக்கொண்ட டிஸ்க்கை உடனே வீசவும் வேண்டாம். கிரேப் ரப்பர் அடி வைத்த பழைய சப்பாத்து இருந்தால், ஓடும் டிஸ்க்கில் அந்த அடியை லேசாகப் பிடியுங்கள். அழுக்கை ரப்பர் பிடுங்கிக்கொண்டு வரும். பைனஸ் மாதிரிப் பிசின் மரத்துக்கு, அப்பாமலிருக்க மேலே வெள்ளைப் பூச்சு போட்ட டிஸ்க் கேட்டு வாங்கலாம். ஆனால் அழுக்கு போயும் தேயவில்லை என்றால் அது மழுங்கிய டிஸ்க். அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது காசு மிச்சம் பிடிப்பதில்லை. மழுங்கிய பேப்பர் மரத்தைச் சூடாக்கி மினுக்கத்தான் செய்யும். உங்கள் கை தானாக அழுத்தத் தொடங்கும், பிறகு மேலே சொன்ன முறுக்குதான்.

கிரைண்டரில் சாண்ட் பேப்பர் மாட்டி மேசை தேய்க்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. இரும்புக் கதவுக்குச் சரி. நாலங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. மரத்தில் கை ஒரு நொடி தயங்கினால் குழி. தேயிலைக் கட்டையில் டீபோ கால் செதுக்குகிறீர்களா, தாராளமாக எடுங்கள். தட்டையான பலகைக்கு வேண்டாம். பெல்ட் சாண்டர் வைத்திருப்பவர்கள் பெல்ட்டின் உள்பக்க அம்புக்குறியைப் பார்த்து மாட்டினால் போதும், மற்றபடி அதை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

நீளமான மெல்லிய வயரில் கரண்ட் இழுத்து வேலை செய்தாலும் மெசின் இளைக்கும். அதை மெசினின் குறை என்று நினைத்து இன்னும் அழுத்துவோம்.

தூள் மூச்சுக்குள் போவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. துணி கட்டினால் போதாது, N95 மாஸ்க் போடுங்கள். சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் சொறிந்து தடிக்கும், அதனால் முழுக்கை சட்டை நல்லது. பழைய பங்களா ஜன்னல், லயத்துக் கதவுகளில் உள்ள பெயின்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்தது 2013 இல். அதற்கு முந்திய பெயின்ட்டை மெசினால் உலர்த் தேய்ப்பு செய்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும். சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு அது நஞ்சு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புப் பேப்பரால், கீழே பிளாஸ்டிக் விரித்துக் கையாலேயே செய்யுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் ஓரத்தைச் சரிசெய்ய இந்த மெசினை எடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது மட்டும் கூடவே கூடாது.

விடியற்குளிரில் மெசின் பிடித்தால் விரல்நுனி வெளுத்து மரத்துப் போகும். அதிர்வும் குளிரும் சேர்ந்தால் வருவது அது. கையுறை போட்டு, அரை மணிக்கொரு தடவை நிறுத்திக் கையைச் சூடுபடுத்துங்கள்.

சீலர் அடிப்பதற்கு முன்பே சுழியைப் பிடிக்க வழியில்லையா என்று பாஸிடம் கேட்டேன். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து ஒளி அடிக்கச் சொன்னார். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு பள்ளமும் நிழல் விடும். அப்புறம் ஒரு துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தால், காய்வதற்குள் சில நொடிகள் வார்னிஷ் அடித்த பிறகு பலகை எப்படி இருக்குமோ அப்படியே தெரியும். மெசினின் பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தின்னர் டின்னைத் திறக்க வேண்டும். மோட்டார் கார்பனில் பறக்கும் ஒரு பொறி போதும்.

மேசையை மறுபடி செய்ய இரண்டு நாள் ஆனது. சீலரின் மேல் நேராக மெசினை வைத்ததில் முதல் நாலு டிஸ்க்கும் கோந்து மாதிரி அப்பிப் போயின. பிறகுதான் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எவ்வளவு பார்த்தும் ஒரு மூலையில் இரண்டு சுழி தப்பிவிட்டது. அந்த இடத்தில் அக்கா பிளாஸ்க்கை வைத்திருக்கிறார்.