ரெட் டாட் ஜீரோ: எந்தத் தூரத்தில் வைப்பது, எங்கே சறுக்குவது

“அண்ணா, ஜீரோ பண்ணிட்டேன்” என்று டார்கெட் காகிதத்தை நீட்டினார் எங்கள் ஆபீஸ் தம்பி. போன வருடம் கிரீன் கார்டு, இந்த வருடம் முதல் ஏஆர்-15 ரைஃபிள், அதன் மேலே ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி. ஒரு தூரத்தில் அந்தப் புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி திருகி வைப்பதுதான் ஜீரோ. டாலஸுக்கு வெளியே நான் வழக்கமாகப் போகும் ரேஞ்ச். காகிதத்தின் நடுவில் ஐந்து ஓட்டைகள், ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து மூடிவிடலாம்.

“எத்தனை யார்டுல?”

“இருபத்தஞ்சு. அங்க சரியா இருந்தா முன்னூறுக்கும் சரியா இருக்குமாமே.”

ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே வாக்கியத்தைப் பெருமையாகச் சொன்னவன். காது மூடுவது, துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று பார்ப்பதெல்லாம் ரேஞ்சில் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள், அதற்குள் போகவில்லை.

25-ல் அடித்துவிட்டு அத்தோடு வீட்டுக்குப் போவது

ஏஆரில் ரெட் டாட் பெரும்பாலும் குழலின் நடுவிலிருந்து 2.6 அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கும். நாம் பார்ப்பது நேர்கோடு. குண்டோ குழலை விட்டதுமே கீழே விழ ஆரம்பிக்கிறது. அதனால் குழல் கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்படிதான் டாட்டைத் திருப்பி வைக்கிறோம். குண்டு கீழேயிருந்து பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டி மேலே ஏறும், பிறகு இறங்கி வரும்போது இன்னொரு முறை வெட்டும். முதல் வெட்டு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, நடுவில் மேடு அவ்வளவு உயரம். இந்த மேட்டைத்தான் யாரும் சொல்வதில்லை.

16 அங்குலக் குழல், 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 3,000 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 யார்டில் ஜீரோ வைத்தால் 100 யார்டில் குண்டு 6 அங்குலம் மேலே போகும். 200-ல் 9 அங்குலம். 300 தாண்டித்தான் மறுபடி கோட்டுக்கு வரும். “25-க்கும் 300-க்கும் ஒண்ணு” என்பது முழுப் பொய்யில்லை, ராணுவம் 25 மீட்டரில் ஜீரோ பார்ப்பதும் 300 மீட்டரை மனதில் வைத்துத்தான். ஆனால் அவர்கள் சுடுவது 40 அங்குல உயர மனித உருவத்தை. நாம் சுடுவது 8 அங்குல இரும்புத் தட்டை.

என் முதல் கிளப் போட்டியில் 150-லிருந்து 200 யார்டு வரை அந்தத் தட்டுகள்தான். டாட்டை நடுவில் வைத்தேன், சுட்டேன். ‘டங்’ இல்லை. தூரமாயிற்றே, குண்டு இறங்கியிருக்கும் என்று நானாக முடிவுகட்டி இன்னும் மேலே பிடித்தேன். சத்தமே இல்லை. ஒரு மேகஸின் முழுக்கக் காலி. பின்னால் நின்ற பெரியவர் பைனாகுலரை இறக்கிவிட்டு, எல்லாமே தட்டுக்கு மேலே மண்மேட்டில் விழுகிறது என்றார். நான் நம்பவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோட்டாவைக் குறை சொல்லி விலை கூடிய 77 கிரெய்ன் பெட்டிகள் வாங்கினேன், டிரிக்கரைக் குறை சொல்லிப் புது டிரிக்கர் மாட்டினேன். துப்பாக்கியின் விலையில் பாதி போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 100 யார்டில் ஒரு பெரிய அட்டையை நிறுத்திச் சுட்டபோதுதான் உண்மை தெரிந்தது: ஓட்டைகள் எல்லாம் ஆறு அங்குலம் மேலே, வரிசையாக. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்னொன்று. 25-ல் அரை அங்குலப் பிசகு கண்ணுக்கே தெரியாது, 200-ல் அது 4 அங்குலம். தட்டின் விளிம்பு போயே போச்சு. தம்பியின் எலுமிச்சம்பழத்துக்கு நடு எது என்று அரை அங்குலத்துக்குள் யாரால் சொல்ல முடியும்?

என் கட்சி 50 யார்டு. அதே துப்பாக்கி, அதே குண்டுக்கு 100-லும் 150-லும் ஒன்றரை அங்குலம் மேலே, 200-ல் கிட்டத்தட்ட கோட்டிலேயே. தட்டின் நடுவில் டாட்டை வைத்து 200 வரை யோசிக்காமல் சுடலாம். 25 யார்டு உள்ளரங்கம் மட்டும்தான் கிடைக்கிறதென்றால், குறிவைத்த இடத்துக்கு 1.2 அங்குலம் கீழே குண்டு விழும்படி வையுங்கள், உத்தேசமாக 50-க்கு வந்துவிடும். அது தற்காலிகம்தான். வெளியே போய் 50-ல் சரிபார்த்து, முடிந்தால் 200-லும் ஐந்து சுட்டுப் பாருங்கள்.

அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவது

நான் சொன்ன கணக்கும் சேர்த்துத்தான். டாட்டைத் தாங்கும் மவுண்ட் உயரமானது என்றால் 2.6 என்பது 3-ஐத் தாண்டும், குழல் குட்டையானால் வேகம் குறையும், எல்லாம் நகரும். .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டா ரைஃபிளுக்கும் “50-க்கும் 200-க்கும் ஒண்ணு” என்று பேசியவரையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குண்டு 100-க்குப் போவதற்குள்ளேயே பல அங்குலம் இறங்கிவிடும்.

100-ல் வைப்பவரைக் கிண்டலடிப்பது

வேண்டாம். குண்டு எங்கேயும் கோட்டுக்கு மேலே ஏறாது, 200-ல் 3 அங்குலம் கீழே, அவ்வளவுதான். காகிதத்தில் நிதானமாகச் சுடுபவருக்கு அதுதான் சுகம்.

ஒரு குண்டுக்கு ஒரு திருப்பு

ஐந்து சுடுங்கள், பிறகு திருகைத் தொடுங்கள். எம்ஓஏ என்பது கோண அளவு, 100 யார்டில் ஏறக்குறைய ஓர் அங்குலம். திருகின் ஒரு கிளிக் அரை எம்ஓஏ என்றால் 50 யார்டில் கால் அங்குலம்தான் நகரும்.

டாட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு ஜீரோ செய்வது

2 எம்ஓஏ புள்ளி 100 யார்டில் 2 அங்குலத்தை மறைக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் அது பூசணிக்காய். மங்கலாகத் தெரியும் அளவுக்குக் குறையுங்கள். அப்போதும் புள்ளி வாலோடு நட்சத்திரம் மாதிரி தெரிந்தால் குறை சைட்டில் இல்லாமல் உங்கள் கண்ணில் இருக்கலாம். எனக்கு ஆஸ்டிக்மாடிசம், கண்ணாடி மாற்றியபின் புள்ளி பாதியாயிற்று.

மவுண்ட் திருகு ஆடுவது

திருகை அளவான இறுக்கத்தில் முடுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள்.

கிட்டத்தில் நடுவிலேயே பிடிப்பது

50 ஜீரோவில் 10 யார்டுக்கு 2 அங்குலம் கீழே போகும். சின்னப் புள்ளி என்றால் அதற்கு மேலே பிடிக்க வேண்டும். இதைவிட மோசம் தடுப்புக்குப் பின்னாலிருந்து சுடுவது. டாட்டுக்குத் தட்டு பளிச்சென்று தெரியும், அதற்கு 2.6 அங்குலம் கீழே இருக்கும் குழலுக்கு முன்னால் பலகை. எங்கள் ரேஞ்சின் மரத்தடுப்பில் மேல் விளிம்பெல்லாம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கிறது. இடமிருந்து மூன்றாவது கடி என்னுடையது. தம்பியை அங்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு 50 யார்டு வரிசைக்கு அழைத்துப் போனேன்.