பத்திரத்தில் 138, பிடிஎஃப்பில் 188

பென்னாகரத்திலிருந்து ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். தர்மபுரி பேருந்து நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிற சின்னக் கடை. “அண்ணா, பத்திரம் 2 எம்பிக்குள்ள இருக்கணும்னாங்க. சுருக்கி ஏத்தினேன், தெளிவா இல்லைன்னு திருப்பிட்டாங்க” என்றார். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சர்வே எண் 138, 188 மாதிரி தெரிந்தது.

ஃபோனில் படம் எடுத்து ஒரு ஆப்பில் சுருக்கியிருக்கிறார். அளவு இறங்கவில்லை என்று சுருக்கியதையே மறுபடி சுருக்கி, அப்புறம் மூன்றாவது முறையும். பலர் செய்கிற தவறு இதுதான். போட்டோக்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். மாந்தோப்புப் படத்தில் அது தெரியாது. எழுத்து என்றால் ஓரம் கசங்கும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் போய்விடும். கழிந்தது திரும்ப வராது. எத்தனை முறை முயன்றாலும் அசலிலிருந்தே தொடங்குங்கள்; அசலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள்.

உண்மையில் எடை ஏறுவது ஸ்கேன் செய்யும்போதே. ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று எடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். சுருக்குவதற்கு முன் கலரில் அது 26 எம்பி, கிரேயில் (சாம்பல் சாயல்களில்) 9 எம்பிக்குள், வெறும் கறுப்பு வெள்ளையில் 1 எம்பி சொச்சம். 600 டிபிஐ வைத்தால் எல்லாமே நாலு மடங்கு. தட்டச்சு செய்த தாளுக்கு 200 டிபிஐ, கிரே போதும். ஆனால் முத்திரைத்தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள், பின்னணி நிறம் கறுத்துப்போய் எழுத்தை விழுங்கிவிடும். அவர் மறுநாள் அசலைக் கொண்டுவந்தார். 7 பக்கம், முத்திரைத்தாள் மட்டும் கலர், மற்றது கிரே. 1.7 எம்பியில் முடிந்தது.

இன்னொன்று கொஞ்சம் விவகாரமானது. இ-ஆதார் மாதிரி டிஜிட்டல் கையெழுத்தோடு வரும் பிடிஎஃப்பைச் சுருக்கவே கூடாது. சுருக்கும் செயலி கோப்பைப் புதிதாக எழுதுவதால் கையெழுத்து காணாமல் போகும், இல்லையென்றால் செல்லாது என்று காட்டும். பார்வைக்கு எல்லாம் அப்படியேதான் இருக்கும், அதுதான் சிக்கல். அவை பெரும்பாலும் சின்னக் கோப்புகள்தான், இறக்கியதை அப்படியே ஏற்றுங்கள்.

ஜிப் செய்வதும் வீண்வேலை. ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது, பெயருக்குத்தான் குறையும். ஆதார், பத்திரம் எல்லாவற்றையும் பெயர் தெரியாத இலவசத் தளங்களில் ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கணினியிலேயே செய்யும் வழிகள் இருக்கும்போது அது எதற்கு? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாகப் போனால் வழியிலேயே ஒரு சுருக்கல் நடந்துவிடும்.

தேர்வு விண்ணப்பத்துக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: கீழ் அளவைப் பார்த்தாயா? போட்டோ 20 முதல் 50 கேபி என்று போட்டிருந்தால் 50-க்கு மேல் எப்படி ஏறாதோ, 20-க்குக் கீழும் ஏறாது. சிறிதாக இருந்தால் நல்லது என்று 9 கேபிக்கு இறக்கிவிட்டு, சர்வர் சரியில்லை என்று கடைசி நாள் ராத்திரி வந்து நிற்பார்கள்.