துண்டுவாரிச் சார்பில் மதிப்பு காண்பது எப்படி?

ஒரு பெரிய அடைப்புக்குறி, அதற்குள் இரண்டு மூன்று சூத்திரங்கள். துண்டுவாரிச் சார்பை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் எல்லாச் சூத்திரத்திலும் எண்ணைப் பிரதியிட்டு, மூன்று விடைகளோடு நிற்பார்கள். ஆனால் சார்பு என்றாலே ஓர் உள்ளீட்டுக்கு ஒரே ஒரு மதிப்புதான். எந்த வரியைப் பயன்படுத்துவது என்பதை அந்தந்த வரியின் வலப்பக்கத்தில் உள்ள நிபந்தனை சொல்லிவிடும். அதனால் முதலில் வலப்பக்கம் பாருங்கள், அப்புறம் இடப்பக்கம் வாருங்கள்.

இந்தச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

f(x) = 2x + 5, x < −1 எனில்
f(x) = x², −1 ≤ x < 3 எனில்
f(x) = 10 − x, x ≥ 3 எனில்

படி 1: எண் எந்த நிபந்தனைக்குள் வருகிறது?

f(−4) வேண்டும். −4 என்பது −1-ஐ விடச் சிறியது. எண்கோட்டில் அதற்கு இடப்பக்கம் இருக்கிறது. எனவே முதல் வரி. குறை எண்களில் சந்தேகம் வந்தால் எண்கோட்டை ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது.

படி 2: அந்த வரியில் மட்டும் பிரதியிடுங்கள்

f(−4) = 2(−4) + 5 = −8 + 5 = −3. குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுங்கள், குறி தவறாது. மற்ற இரண்டு வரிகளையும் தொடவே வேண்டாம்.

f(2)-உம் இப்படித்தான்: 2 நடு வரியில் வருகிறது, விடை 4.

படி 3: எல்லையில் நிற்கும் எண்கள்

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். f(3) என்ன? நடு வரியில் x < 3 என்று இருக்கிறது. சமக்குறி இல்லை, ஆகவே 3 அதில் சேராது. மூன்றாவது வரியில் x ≥ 3 என்று இருப்பதால் 3 அங்கே போகிறது. f(3) = 10 − 3 = 7. நடு வரியில் போட்டிருந்தால் 9 வந்திருக்கும். < குறிக்கு அடியில் உள்ள ஒரு சின்னக் கோடு விடையையே மாற்றிவிடுகிறது. அதே மாதிரி −1 நடு வரிக்குத்தான் சொந்தம்: f(−1) = (−1)² = 1.

√10 மாதிரி எண் கொடுத்தால்? 10 என்பது 9-ஐ விடப் பெரியது, எனவே √10 என்பது 3-ஐ விடப் பெரியது. மூன்றாவது வரி: f(√10) = 10 − √10. தசமமாக மாற்றத் தேவையில்லை, அப்படியே விடலாம்.

சார்புக்குள் சார்பு

f(f(−4)) கேட்டால் உள்ளிருந்து தொடங்குங்கள். f(−4) = −3 என்று ஏற்கெனவே கண்டோம். இப்போது −3 புது உள்ளீடு, ஆகவே நிபந்தனையை மறுபடி பார்க்க வேண்டும். −3 < −1, மீண்டும் முதல் வரிதான்: 2(−3) + 5 = −1. ஆனால் எப்போதும் அதே வரி அமையாது. f(f(2))-இல் உள்ளே நடு வரி 4 தருகிறது; அந்த 4 மூன்றாவது வரிக்குப் போகிறது, விடை 10 − 4 = 6.

சில சார்புகளில் கொடுத்த எண் எந்த நிபந்தனையிலும் அடங்காது. அப்போது அந்த எண் சார்பின் மதிப்பகத்திலேயே (சார்பு ஏற்கும் உள்ளீடுகளின் தொகுப்பிலேயே) இல்லை. ‘வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் வரியில் போட்டு விடை வரவழைக்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: f(0), f(−2), f(f(3)). விடைகள் முறையே 0, 1, 3.