25 வயதைத் தாண்டியும் விடாத முகப்பரு: 12 வாரக் கணக்கில் ஒரு பராமரிப்பு முறை

இன்று காலை கண்ணாடியில் தெரிந்த பரு நேற்றிரவு முளைத்ததன்று. மயிர்க்காலின் வாய்ப்பகுதியில் உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல், எண்ணெய்ச் சுரப்பியின் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத சிறு அடைப்பாகத் திரள்கின்றன. அந்த அடைப்பு கரும்புள்ளியாகவோ சிவந்த பருவாகவோ வெளியே வருவதற்குப் பல வாரங்கள், சில வேளைகளில் 2 மாதங்கள் வரைகூட ஆகும். ஆகவே, இன்று பூசத் தொடங்கும் களிம்பால் இந்த வாரப் பருக்களைப் பெரிதாகத் தடுக்க முடியாது; அது தடுக்கப்போவது அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வரவிருக்கும் பருக்களைத்தான்.

இந்தக் கால இடைவெளியை அறியாததால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பதுபோல மருந்தைத் தொட்டு வைப்பது. இரண்டாவது, 10 நாள்களில் பலன் தெரியவில்லை என்று அதைக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவுவது. ஆண்டுக்கணக்கில் பருவோடு போராடுவோரின் அலமாரியில் பாதி காலியான குப்பிகள் வரிசையாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அவற்றுள் ஒன்றிரண்டு உண்மையிலேயே பலன் தந்திருக்கக்கூடியவை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

முதலில், அது முகப்பருதானா?

25 வயதுக்குப் பின்னும் தொடர்வதையோ புதிதாகத் தோன்றுவதையோ வயதுவந்தோர் முகப்பரு என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். கரும்புள்ளிகளும் மூடிய வெண்முனைகளும் ஆங்காங்கே கலந்திருப்பதே முகப்பருவின் அடையாளம். அவை ஒன்றுமே இல்லாமல் சிவப்பும் பொரிகளும் மட்டும் இருந்தால் சற்று நிதானிக்க வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவிலான சிறு பொரிகள் அரிப்புடன் வந்தால், அது மலாசீசியா என்னும் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் எடுத்தால் அது குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடும். கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து, சூட்டிலும் வெயிலிலும் எரிந்தால் ரோசேசியா என்னும் தோல் அழற்சியாக இருக்க வாய்ப்புண்டு. வாயைச் சுற்றி மட்டும் பொரிப்பொரியாக வருவதற்கு, முகத்தில் பூசிய ஸ்டீராய்டு களிம்பு பல வேளைகளில் காரணமாகிறது.

உட்கொள்ளும் மருந்துகளையும் ஒருமுறை பட்டியலிட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரைகள், லித்தியம், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டின் என்னும் ஹார்மோன் மட்டுமே கொண்ட சில கருத்தடை முறைகள் ஆகியவை பருவைத் தூண்டக்கூடியவை. காரணம் அவற்றுள் ஒன்றெனத் தோன்றினாலும் நாமாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே பேச வேண்டும். பெண்களுக்குப் பரு தாடையோரத்திலும் முகவாயிலும் குவிந்து, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கூடுவது இயல்பாகக் காணப்படுவதுதான். ஆனால் அதனுடன் மாதவிடாய் ஒழுங்கற்றுப்போவதும், முகத்தில் ரோமம் வளர்வதும், உச்சந்தலையில் முடி அடர்த்தி குறைவதும் சேர்ந்தால், சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாடு உள்ளதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அடித்தளம்: 3 பொருள்கள் போதும்

மருந்து தொடங்குவதற்கு முன் தோலைச் சீண்டாத ஓர் ஒழுங்கு அமைய வேண்டும். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் போதுமானவை. இவற்றை முடிந்தவரை வாசனை சேர்க்காதவையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9 அல்லது 10. எண்ணெய் வழிகிறதே என்று நாளுக்கு நான்கைந்து முறை சோப்புப் போடுவதும், சொரசொரப்பான ஸ்கிரப் கொண்டு தேய்ப்பதும் தோலின் காப்பரணைச் சிதைக்குமே தவிர, மயிர்க்காலுக்குள் இருக்கும் அடைப்பைத் தொடுவதில்லை. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, வியர்த்து விறுவிறுத்த பின் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் விரல் நுனியால் கழுவினால் போதும்.

எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்ற கேள்வி எழும். பரு மருந்துகளில் பெரும்பாலானவை தோலை உலர்த்துகின்றன. உலர்ந்து எரியும் தோலில் மருந்தைத் தொடர்ந்து பூச யாருக்கும் மனம் வராது. மருந்தைக் கைவிடாமல் காப்பதே மாய்ஸ்சரைசரின் முதல் வேலை என்று கருதுகிறேன். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் இருக்கட்டும். மாநிறமும் கருமையும் கொண்ட தோலில் பரு ஆறிய இடம் கறுத்துப்போவது அதிகம் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் அவர்களுக்குக் கூடுதல் பயன் தரும்.

'துளைகளை அடைக்காது' என்னும் அட்டை வாசகத்தை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். எந்தப் பொருள் அடைக்கும், எது அடைக்காது என்ற பழைய பட்டியல்களில் பல, முயலின் காதில் பூசிப் பார்த்து உருவானவை; முயலின் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைபடக்கூடியது. அதோடு, ஒரு பொருள் எவ்வளவு செறிவில் கலந்திருக்கிறது என்பதையும் அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. முகக் கிரீமைச் சந்தேகிப்போர் தலைமுடிக்குப் பூசும் எண்ணெயை மறந்துவிடுவதும் உண்டு. மயிரோரத்திலும் நெற்றியிலும் மட்டும் பரு நெருக்கமாக இருந்தால் முதலில் அங்கே பார்க்க வேண்டும். தலைக்கவசத்தின் வார், முகக்கவசம் போன்றவை உரசும் இடங்களுக்கும் இது பொருந்தும்.

மருந்து: எது, எப்படி

அடைப்பு உருவாவதையே தடுக்கும் வகை, வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு மருந்துகள். இவற்றுள் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் ஒப்பீட்டளவில் எரிச்சல் குறைந்தது. சில நாடுகளில் இதை மருந்துச் சீட்டில்லாமல் வாங்கலாம். அமெரிக்காவில் 2016 முதல் அப்படித்தான். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்த பின், பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னங்கள், முகவாய் என்று பிரித்து வைத்து, பரு வரும் பகுதி முழுவதிலும் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். முழு முகத்துக்கும் அந்த ஒரு பட்டாணிதான். இரண்டாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, எரிச்சல்தான் இரட்டிப்பாகும். கண்ணிமை, மூக்கு மடிப்பு, உதட்டோரம் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

முதல் 2 வாரங்கள் மூன்று இரவுக்கு ஒருமுறை, பிறகு ஓர் இரவு விட்டு ஓர் இரவு, அதையும் தோல் தாங்கினால் ஒவ்வோர் இரவும் எனக் கூட்டிக்கொண்டே போகலாம். எரிச்சல் மிகுந்தால், முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, அதற்கும் மேல் இன்னொரு முறை மாய்ஸ்சரைசர் என்று மூன்று அடுக்காகப் பூசலாம். கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

சிவந்த பருவும் சீழ்ப்பருவும் அதிகமுள்ளவர்களுக்குப் பென்சாயில் பெராக்சைடு துணை நிற்கும். மயிர்க்காலில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியாவை இது கொல்கிறது. ஆன்டிபயாட்டிக்குகளைப் போல இதற்கு எதிர்ப்புத்திறன் வளர்வதில்லை. செறிவு கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணத்தில் பலர் 10 சதவீதத்தை வாங்குகிறார்கள். அழற்சிப் பருக்களைப் பொறுத்தவரை 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, எரிச்சலும் குறைவு. காலையில் பூசலாம், அல்லது முகத்தில் ஓரிரு நிமிடம் வைத்துக் கழுவிவிடும் வகையைப் பயன்படுத்தலாம். தலையணை உறை, துண்டு, சட்டைக் கழுத்து ஆகியவற்றின் நிறத்தை இது வெளுக்கச் செய்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மருந்துக் குழாயைச் சூடான இடத்தில் வைக்கக் கூடாது.

இவ்விரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கறுத்த தடங்களே பெரிய கவலையாக இருப்பவர்களுக்கும் அசெலாயிக் அமிலம் ஏற்றது. 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரையிலான செறிவுகளில் கிடைக்கிறது. கர்ப்பகாலத்திலும் பொதுவாகப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. பூசியதும் சில நிமிடங்கள் ஊசி குத்துவதுபோலச் சுருக்கென்றிருக்கும். சில வாரங்களில் அது பழகிவிடும். கரும்புள்ளிகள் மட்டுமே பிரச்சினை என்றால், 0.5 முதல் 2 சதவீதம் வரையிலான சாலிசிலிக் அமிலமே போதுமானதாக இருக்கலாம்.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் களிம்பைத் தனியாகப் பூசக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்வதுபோலத் தோன்றும். பிறகு பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்று, மருந்து வலுவிழந்துவிடும். பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

12 வாரம் எப்படிப் போகும்

ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருளை மட்டுமே சேர்க்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்றைத் தொடங்கி முகம் சிவந்துபோனால், எதைக் குற்றம் சொல்வது? முதல் 2 முதல் 4 வாரங்களில் தோல் உரியும், சிறிது எரியும், பரு சற்றுக் கூடியதுபோலவும் தோன்றலாம். பலர் விட்டுவிடுவது இங்கேதான். எனினும், வீக்கமோ கொப்புளமோ கடும் அரிப்போ வந்தால் அது பழகிப்போகும் எரிச்சலன்று. உடனே நிறுத்த வேண்டும். 8-வது வாரம் அளவில் புதிய பருக்களின் எண்ணிக்கை குறையத் தொடங்க வேண்டும். தீர்ப்பு 12-வது வாரத்தில்.

கண்ணாடி இதற்கு நம்பகமான சாட்சியன்று. ஒரே சன்னலோரத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில், 4 வாரத்துக்கு ஒருமுறை மூன்று கோணங்களில் புகைப்படம் எடுத்து வைத்து ஒப்பிடுவதே மேல். நாள்தோறும் உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்ப்பவர்களின் விரல் தானாகப் பருவைக் கிள்ளப் போய்விடும். அந்தக் கண்ணாடியை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவதை நான் ஒரு சிகிச்சையாகவே பரிந்துரைப்பேன். கை நிற்கவில்லை என்றால், பருவின் மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு பட்டைகள் கசிவை உறிஞ்சுவதோடு விரலுக்கும் தடையாகும். பற்பசை, எலுமிச்சைச்சாறு, சமையல் சோடா ஆகியவை முகத்துக்குரியவை அல்ல.

உணவைப் பற்றி அளவாகவே சொல்ல முடியும். இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைவதற்குச் சான்று உண்டு. பால் பருவைக் கூட்டும் என்பதற்கான சான்று அதைவிட மெலிந்தது. பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி தொடங்கிய பின் பரு வெடித்தவர்கள் அதை நிறுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

மருத்துவரிடம் எப்போது

12 வாரம் ஒழுங்காகப் பூசியும் மாற்றம் இல்லாதபோதும், தோலுக்கடியில் வலியுள்ள கட்டிகள் வரும்போதும், குழித் தழும்புகள் விழத் தொடங்கும்போதும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தழும்பு விழுவதைக் கண்டால் 12 வாரம் காத்திருக்கவே கூடாது. பருவால் வெளியே போகவோ பிறர் முகம் பார்த்துப் பேசவோ மனம் வராத நிலையும் அதற்கு ஈடான காரணமே. அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்.

டாக்சிசைக்கிளின் போன்ற மாத்திரையைப் பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை. அதையும் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. பெண்களுக்கு, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்மை ஹார்மோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் அல்லது கூட்டுக் கருத்தடை மாத்திரை கொடுக்கப்படலாம். தாடையோரப் பருவுக்கு இவை நன்கு கைகொடுக்கின்றன, ஆனால் இவற்றுக்கும் குறைந்தது 3 மாதப் பொறுமை தேவை. ஸ்பைரனோலாக்டோனைக் கர்ப்பகாலத்தில் எடுக்கக் கூடாது. கடுமையான பருவுக்கு 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஐசோட்ரெட்டினாயின் இன்றும் வலிமையான மருந்தாக விளங்குகிறது. கருவுக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் என்பதால், உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதத்துக்கும் கருத்தரிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனைகளும், மனநிலை மாற்றம் தெரிந்தால் உடனே சொல்வதும் இச்சிகிச்சையின் பகுதி. இதைப் பிறரிடமிருந்து கேட்டு வாங்கி விழுங்குவது ஆபத்தானது.

பரு போன பிறகு

எஞ்சும் சிவந்த, கறுத்த தடங்களைத் தழும்பு என்று பலர் அஞ்சுகிறார்கள். விரலால் தடவும்போது சமமாக இருந்தால் அது வெறும் நிறமாற்றம். வெயில் படாமல் காத்தால் மாதக்கணக்கில் மங்கிவிடும். குழியாகவோ மேடாகவோ இருப்பதுதான் தழும்பு. அதற்கான சிகிச்சைகளைப் பொதுவாகப் பரு முழுவதும் அடங்கிய பின்னரே தொடங்குவார்கள், ஏனெனில் புதிய பருக்கள் வந்துகொண்டே இருந்தால் புதிய குழிகளும் விழுந்துகொண்டே இருக்கும்.

முகம் தெளிந்ததும் பென்சாயில் பெராக்சைடை மெல்லக் குறைத்து நிறுத்தலாம். அடாபலீனை நிறுத்த வேண்டாம். அதை நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அந்த அடைப்புகள் மறுபடியும் திரளத் தொடங்கும். ஆனால் முதல் பரு வெளியே வர 2 மாதங்கள் ஆகலாம் என்பதால், மருந்தை விட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று அதுவரை நாம் நம்பிக்கொண்டிருப்போம். வாரத்துக்கு மூன்று நான்கு இரவுகளாவது அந்தப் பட்டாணி அளவு ஜெல்லைப் பழைய இடங்கள் முழுவதிலும் பூசி வருவது, பரு ஒன்றுகூடத் தெரியாத மாதங்களிலும் தொடர வேண்டும்.