ஆபீஸ் சீட்டுப் பணம் திரும்பி வரவில்லையா? கோர்ட்டுக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சீட்டு நடத்திய அக்கா போனை எடுக்கவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது, நாலைந்து பேராகச் சேர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான். கோபம் நியாயமானது. ஆனால் அங்கே சத்தம் போட்டு, வண்டிச் சாவியையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், மறுநாள் ஸ்டேஷனில் புகார் உங்கள் பெயரில் இருக்கும். பணத்தையும் பறிகொடுத்து ஜாமீனுக்கும் அலைய வேண்டிய கொடுமை அது. போகத்தான் போகிறீர்கள் என்றால் கையெழுத்து வாங்கப் போங்கள்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலான ஆபீஸ் சீட்டுக்கு இருக்கும் ஒரே ஆவணம் ஒரு 40 பக்க நோட்டு. இடது பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டியவருக்கு நேராக நீல மையில் ஒரு டிக். யாருடைய கையெழுத்தும் இருக்காது. அந்த நோட்டும் நடத்துபவரின் டிராயரில்தான் இருக்கும். தகராறு என்று வந்துவிட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம், "இன்னாரிடம் மாதம் இவ்வளவு வீதம் இத்தனை மாதம் வாங்கியிருக்கிறேன், மொத்தம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வாங்குங்கள். புரோ நோட்டாக, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதித் தரும் உறுதிச் சீட்டாக எழுதினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து இருக்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோ நோட்டைப் பிறகு அபராதம் கட்டிக்கூடச் சரிசெய்ய முடியாது.

"தை மாசம் கண்டிப்பா கொடுத்துடறேன்க்கா" என்று வரும் வாய்ஸ் மெசேஜை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது அடுத்த தவறு. என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய தவறு. பண வசூல் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். வாயால் சொன்ன வாக்குறுதி எத்தனை வந்தாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது.

கோபத்தில் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள், பழைய போனை விற்காதீர்கள். கோர்ட்டில் மெசேஜைக் காட்ட 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவை. மெசேஜ் வந்த போன் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம். ஜிபேயில் அனுப்பியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள்.

"பதிவு செய்யாத சீட்டு, கேஸே போட முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் முக்கியமாகக் குறிவைப்பது தள்ளு உள்ள சீட்டை, அதாவது எடுப்பவர் ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதியை வாங்கும், நாம் சொல்லும் ஏலச் சீட்டை. அதை அரசின் முன் அனுமதி இல்லாமல் நடத்தினால் 2 வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தள்ளு எதுவும் இல்லாமல், ஆளுக்கொரு மாதம் முழுத் தொகையையும் எடுத்து, எடுத்த பிறகும் தொடர்ந்து கட்டும் குலுக்கல் முறையை அந்தச் சட்டம் சீட்டு என்றே கணக்கில் எடுப்பதில்லை. அது சாதாரண ஒப்பந்தம், சாதாரணக் கடன். சிவில் கோர்ட்டில் கேட்கலாம். உங்களுடையது ஏல வகை என்றால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

போலீஸ் பணத்தை வாங்கித் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. தர முடியவில்லை என்பது மட்டும் குற்றமாகாது. வசூலித்த பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகிய பிரிவுகள் வரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 316, 318. 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 406, 420. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

செக் கொடுத்திருந்தால் தேதிகள்தான் எல்லாம். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பியதாகத் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. "இப்போ போடாதே, அடுத்த மாசம் போடு" என்பதற்குத் தலையாட்டி, செக்கை பீரோவிலேயே காலாவதி ஆக்கியவர்கள் நிறைய.

எச்.ஆரிடம் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது கம்பெனியின் கடன் இல்லை. அதைவிட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே எழுதும் சமரசம் தீர்ப்புக்குச் சமம். ஆனால் அதற்கு அப்பீல் இல்லை. தவணைத் தேதிகளை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, யாரைக் கேட்பது என்பதில் நடக்கும் தவறு. 20 பேர், மாதம் 5,000, குலுக்கல் சீட்டு, 14ஆம் மாதம் நின்றுவிட்டது என்று வையுங்கள். எடுக்காத 7 பேரும் ஆளுக்கு 65,000 கட்டியிருக்கிறார்கள். கேட்க வேண்டியது அந்த 65,000. முழு ஒரு லட்சம் இல்லை. மொத்தம் 4,55,000. இப்போது எடுத்த 13 பேரைப் பாருங்கள். ஆளுக்கு 65,000 கட்டி ஒரு லட்சம் வாங்கியிருக்கிறார்கள், பாக்கி தலைக்கு 35,000. அதைக் கூட்டினாலும் அதே 4,55,000. நடத்தியவர் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால், பணம் அவரிடம் இல்லை. "சீட்டுதான் நின்னுபோச்சே" என்று கட்டாமல் இருக்கும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அந்த 13 பேரிடம் இருக்கிறது. நோட்டீஸ் அவர்களுக்கும் போக வேண்டும்.