குளம் தூர்வாரும்போது நீர்ப்பூச்சிகளை அழிக்கும் தவறுகள்

கோடையில் பொக்லைனை இறக்கிக் குளத்தைக் கிண்ணம் மாதிரி வழித்தெடுத்தால் தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஆனால் தட்டான் பெருகாது. நீர்ப்பூச்சிகளில் பெரும்பாலானவை கரையோர முழங்கால் தண்ணீரில், செடிகளுக்கு நடுவேதான் வாழ்கின்றன. தட்டான் குஞ்சு வளர்ந்ததும் ஒரு கோரைத் தண்டைப் பற்றி நீருக்கு மேலே ஏறும். முதுகுத்தோல் வெடித்துத் தட்டான் வெளியே வரும், சிறகு விரிந்து காயும்வரை தண்டிலேயே தொங்கும். ஏறத் தண்டு வேண்டுமே!

அதனால் கரையைச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டாதீர்கள். கல் பதிப்பது அலை மோதும் கரைக்குப் போதும். நீர்வரத்துப் பக்கம் ஓரடி ஆழத்துக்கு ஐந்தடியாவது சரிவு விடுங்கள். ஒரே கோடையில் முழுக் குளத்தையும் தோண்டாமல் மூன்று பாகமாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றாக எடுங்கள். மிச்சப் பாகத்திலிருந்து உயிர்கள் திரும்பப் பரவும்.

ஆகாயத்தாமரையை அள்ளியதும் லாரியில் ஏற்றிவிடுவதும் தவறு. அதன் வேருக்குள் முதுகு நிறைய முட்டை சுமக்கும் ஆண் நீர்ப்பூச்சிகள்கூட இருக்கும். தண்ணீரிலிருந்து இரண்டடி தள்ளி, குளத்தை நோக்கிச் சரிந்த கரையில் ஒருநாள் போட்டுவைத்தால் பல ஊர்ந்து திரும்பிவிடும். அதற்குமேல் விட்டால் மழையில் செடியும் குளத்துக்கே திரும்பும்.

கொசுவுக்காகக் கம்பூசியா மீன் விடுவதுதான் இவற்றில் மோசமானது. 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் கொசுப்புழுவோடு நிற்காது. தட்டானின் சிறு குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும். கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சையே இழந்துவிடுகிறோம். விட்ட மீனைத் திரும்பப் பிடித்து ஒழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கோடையில் குளம் வற்றுவதைக் குறையாக நினைக்காதீர்கள்: வற்றினால் மீன் அழியும், அடுத்த மழையில் பூச்சிக் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும்.

கரைமரங்களை வெட்டாதீர்கள். நிழல் போனால் தண்ணீர் சூடேறும், அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நீரில், 30 டிகிரியில் 7.5தான் கரையும்.

பண்ணைக்குட்டையில் கறுப்பு பாலித்தீன் விரித்தால், தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தை மண்ணாலோ சாக்காலோ மூடுங்கள். அது பளபளப்பதைத் தண்ணீர் என்று ஏமாந்து பூச்சிகள் அதன்மேல் முட்டையிடும். முட்டை வெயிலில் காய்ந்துபோகும்.

குளம் நிறைந்து ஆறேழு வாரம் கழித்து, விடியற்காலையில் கோரைத் தண்டுகளைப் பாருங்கள். தட்டான் விட்டுப்போன காய்ந்த தோல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தடி நீளக் கரையில் எத்தனை என்று எண்ணி, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பருவத்தில் குறித்துவாருங்கள்.