நாற்பது ஆம்ப் வேண்டாம், ஒன்று போதும்: கிட்டார் கேப்சர் மென்பொருளைத் தொடங்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் இருக்கும் அடுக்குமாடியின் சுவர்களுக்கு அப்பளக் கனம்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) குமிழை இரண்டைத் தாண்டித் திருகினால் போதும், கீழ்வீட்டு ஆயா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். மறுநாள் படிக்கட்டில் பார்த்தால், "என்ன ராசா, நேத்து நம்ம வீட்டு மேல மட்டும் இடி இடிச்சிச்சே" என்று சிரிப்பார். இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர். வீட்டுக்குள் இன்னும் தமிழ் பேசும் தலைமுறை.

போன மாதம் அவருடைய பேரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதினாறு வயது. "அங்கிள், நாப்பது ஆம்ப் டவுன்லோட் பண்ணிட்டேன். எல்லாமே தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டின மாதிரி கேக்குது." போட்டுக் கேட்டேன். வண்டேதான். அவன் இறக்கிய நாற்பதும் நிஜ ஆம்ப்களின் ஒலியைப் பிடித்து வைத்த 'கேப்சர்' கோப்புகள். அவற்றில் குறை இல்லை. இணைத்த விதத்தில் இரண்டே இரண்டு தப்பு. சரிசெய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் மூன்று வாரம் புதுப்புது ஆம்ப் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே ஒரு கேப்சரை வைத்துத்தான் போகப்போகிறோம்.

கேப்சர் என்றால் என்ன?

பழைய வகை ஆம்ப் மென்பொருள்கள் பெரும்பாலும் ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பார்த்து, அதைக் கணக்காக எழுதி வைத்தவை. கேப்சர் அப்படியில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, யாரிடமும் பக்குவம் கேட்காமல், நாக்கு ருசியை வைத்தே அதே குழம்பை வீட்டில் வைக்கும் அத்தைகள் உண்டு அல்லவா? அந்த வேலைதான் இது. தெரிந்த ஒரு ஒலியை ஆம்ப்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்) கற்றுக்கொள்கிறது. உள்ளே எத்தனை வால்வு, எந்த மின்தேக்கி என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை.

இதில் ஒரு விஷயம் உண்டு. அத்தை பிடித்து வந்தது அன்றைய குழம்பின் ருசியை மட்டும். பெரும்பாலான கேப்சர்களும் ஆம்ப் குமிழ்கள் அன்றைக்கு நின்ற இடத்தை மட்டுமே பிடித்திருக்கும். மென்பொருளில் தெரியும் பாஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் அந்த ஆம்ப்பின் சொந்தக் குமிழ்கள் அல்ல. பின்னால் ஒட்டிய பொதுவான ஈக்யூ, அதாவது தாழ், நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி. கெயின், அதாவது கரகரப்பு, அதிகமாக வேண்டுமென்றால் அதே ஆம்ப்பின் கெயின் கூடிய வேறு கேப்சரைத்தான் தேட வேண்டும்.

2011-ல் வந்த கெம்பர் ப்ரொஃபைலர் என்ற பெட்டி இந்த வித்தையை மேடைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. இப்போது ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகவே கிடைக்கிறது, ஓப்பன் சோர்ஸ். ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்து வாசித்தால் 'நாம்' என்று வரும். நல்ல பெயர்தான், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் குழப்பம் வரும் என்பதால் இங்கே என்ஏஎம் என்றே எழுதுகிறேன்.

படி 1: கிட்டாரைக் கணினியில் செருகுவது

ஆடியோ இண்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி. ஒரு கிட்டார் உள்ளீடு இருக்கும் சின்னதே போதும், பழையதாகக் கிடைத்தாலும் சரி. மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகிப் பார்க்கலாமே என்று தோன்றும். சத்தம் வரும், ஆனால் போர்வை போர்த்திய மாதிரி வரும். கிட்டார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உயர் இம்பிடன்ஸ் உள்ளீடு, அதாவது மின்தடுப்பு அதிகமுள்ள உள்ளீடு தேவை. இண்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-ஸி' என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் விட்டுவிட்டு "டோன் சரியில்லை" என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

முதல் உள்ளீட்டில் செருகுங்கள். கேட்பதற்கு வயர் ஹெட்போன். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். காரணம் அடுத்த படியில்.

படி 2: தாமதத்தைக் குறைப்பது

விண்டோஸ் என்றால் உங்கள் இண்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை முதலில் நிறுவுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் மட்டும் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர். மேக்கில் பொதுவாக இந்தத் தொல்லை கிடையாது.

பிறகு என்ஏஎம்-ஐ நிறுவித் தனிச் செயலியாகத் திறங்கள். ரீப்பர் போன்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் பிளக்இன்னாகவும் திறக்கலாம், ஆனால் முதல் நாளே இரண்டையும் கட்டி மாரடிக்க வேண்டாம். ப்ரிஃபரன்சஸில் ஏசியோவையும் உங்கள் இண்டர்ஃபேஸையும் தேர்ந்தெடுத்து, சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதை) 48,000 என்று வையுங்கள். கேப்சர்கள் வழக்கமாக அந்த ரேட்டில்தான் பயிற்சி பெறுகின்றன.

அடுத்தது பஃபர், கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு. 256 வைத்தால் ஒரு பஃபருக்கு சுமார் 5.3 மில்லி விநாடி, 128 வைத்தால் 2.7. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று, டிரைவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஒலி காற்றில் 1 மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. ஆக மொத்தம் 10 மில்லி விநாடி என்றால் ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி. விரலுக்கு அது உறுத்தாது. ப்ளூடூத் ஹெட்போனில் அந்தத் தாமதம் 100, 200 என்று போகும். கம்பியைத் தட்டிவிட்டுக் கொட்டாவி விடலாம்.

128-ல் தொடங்குங்கள். படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டால் 256. பழைய மடிக்கணினி அதற்கும் திணறினால், அதே ஆம்ப்புக்கு 'லைட்', 'ஃபெதர்', 'நானோ' என்ற சின்ன அளவுகளில் கேப்சர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசையில் கீழே போகப் போக துல்லியம் குறையும், கணினிக்குச் சுமையும் குறையும்.

படி 3: உள்ளே போகும் அளவு

பையன் செய்த முதல் தப்பு இதில்தான். இண்டர்ஃபேஸ் கெயினை முக்கால்வாசி திருகி வைத்திருந்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. "எரிஞ்சா நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்" என்றான்.

கேப்சர் நிஜ ஆம்ப் மாதிரியே நடந்துகொள்ளும். உள்ளே கூடுதலாக அனுப்பினால் கூடுதலாகக் கரகரக்கும். க்ளீன் (கரகரப்பு இல்லாத) கேப்சரே உறுமுகிறது என்றால் ஆம்ப்பைத் திட்டாதீர்கள், உள்ளீட்டைப் பாருங்கள். இண்டர்ஃபேஸ் கெயினை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, நீங்கள் வாசிக்கும் அதிகபட்ச அழுத்தத்தில் ஆறு கம்பிகளையும் ஒருசேர அடியுங்கள். அடித்தபடியே கெயினை மெல்ல ஏற்றுங்கள். மென்பொருளின் உள்ளீட்டு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஹம்பக்கர் (இரண்டு சுருள் கொண்ட பிக்கப்) கிட்டாராக இருந்தால் சில சமயம் கெயினைத் தொடவே வேண்டியிருக்காது.

படி 4: ஒரு கேப்சர்

டோன்3000 என்ற தளத்தில் கணக்குத் தொடங்கினால் மற்றவர்கள் எடுத்த கேப்சர்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கோப்புகள் மிகச் சின்னவை. மொபைல் டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நமக்கு அது பெரிய நிம்மதி.

முதலில் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் க்ளீன் கேப்சர் ஒன்றை எடுங்கள். கரகரப்புக்குப் பேர்போன மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப் மேல்தான் ஆசை இருக்கும், தெரியும். ஆனால் டிஸ்டார்ஷன், அந்தக் கரகரப்பு, பல குறைகளை மூடி மறைத்துவிடும். க்ளீன் ஆம்ப் எதையும் மறைக்காது. உங்கள் இணைப்பு சரியா என்று அதில்தான் தெரியும்.

இறக்கும்போது விவரத்தை வாசியுங்கள். 'ஆம்ப் ஹெட்' என்று போட்டிருந்தால் ஸ்பீக்கர் சேரவில்லை. 'ஃபுல் ரிக்' என்று போட்டிருந்தால் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள்.

படி 5: ஸ்பீக்கர் எங்கே?

வண்டு பிறந்த இடம் இதுதான். பையன் இறக்கியதில் பெரும்பாலானவை ஆம்ப் ஹெட் கேப்சர்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெருமளவு விழுங்கிவிடும். நம் காதுக்குப் பழகிய கிட்டார் சத்தம் அந்த விழுங்கலுக்குப் பிறகு வருவது. ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை நேராக ஹெட்போனில் கேட்டால், வடிகட்டாத காபிதான். பொடி பல்லில் சிக்கும்.

வடிகட்டி ஐஆர் என்ற இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு. ஸ்பீக்கர், பெட்டி, முன்னால் வைத்த மைக் மூன்றின் குணமும் ஒரு சின்ன வேவ் கோப்பில் அடங்கிவிடும். என்ஏஎம்-இல் கேப்சருக்கு ஓர் இடம், அதன் கீழே ஐஆருக்கு ஓர் இடம் இருக்கிறது. ஹெட் கேப்சர் என்றால் ஐஆர் போடுங்கள். ஃபுல் ரிக் என்றால் ஐஆரை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கருக்குள் புகுந்து வந்த மாதிரி மொத்தையாகக் கேட்கும்.

பையனின் கணினியில் ஐஆர் ஒன்றைப் போட்டு, கெயினையும் இறக்கி, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். ஒரு ஈ மைனர் அடித்தான். கம்பி அடங்கும்வரை அசையவில்லை. அப்புறம் மெதுவாக, "அங்கிள், இது அதே ஃபைல்தானா?"

அதே ஃபைல்தான்.

சோதிக்க ஒரு வழி: கேப்சரை மாற்றாமல் நாலைந்து ஐஆர்களை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆம்ப்பை மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் ஸ்பீக்கரில் தெரியும் என்பது என் அனுபவம். கேப்சர்களை ஒப்பிடும்போது அமைப்புப் பக்கத்தில் வெளியீட்டை 'நார்மலைஸ்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடியது எதுவோ அதையே நல்லது என்று நம்புவதுதான் காதின் குணம்.

உஸ்ஸ்ஸ், உம்ம்ம்

கரகரப்பான கேப்சரைப் போட்டதும் பின்னால் ஒரு உறுமல் கேட்கும். உடனே நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடக்கும் வசதி) குமிழைப் பிடிக்காதீர்கள், முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள். கிட்டாரோடு நாற்காலியில் மெல்லச் சுற்றுங்கள். திசைக்குத் திசை உறுமல் மாறினால் அது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். உறுமல் அடங்கும் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

சுற்றினாலும் மாறவில்லையா? சார்ஜரைப் பிடுங்குங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த 2023-ல் ஒரு ராத்திரி வாசித்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. மடிக்கணினி பேட்டரிக்கு மாறியது. மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலி சட்டென்று காணோம். இண்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் உட்கார்ந்து அவ்வளவு சுத்தமான சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜர்கள் இந்தத் தொல்லையை அடிக்கடி தரும். நம் ஊர் பெரிய பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாட்டு.

டேப்லெட்டில்

ஐபேட் இருந்தால் ஐகே மல்டிமீடியா நிறுவனத்தின் டோன்எக்ஸ் செயலி நல்ல தொடக்கம். கேப்சருக்கு அவர்கள் வைத்த பெயர் 'டோன் மாடல்'. இலவசமாகக் கொஞ்சம் கிடைக்கும், மீதிக்குக் காசு. டோன்எக்ஸ் கோப்பும் என்ஏஎம் கோப்பும் வேறு வேறு வடிவம், ஒன்றில் இறக்கியதை மற்றதில் அப்படியே திறக்க முடியாது. யூஎஸ்பி-சி ஐபேடில் க்ளாஸ் கம்ப்ளையன்ட் (தனி டிரைவர் தேவைப்படாத) இண்டர்ஃபேஸ் நேராக வேலை செய்யும். லைட்னிங் துளை உள்ள பழையதில் கேமரா அடாப்டர் வேண்டும், இண்டர்ஃபேஸுக்குத் தனி மின்சாரமும் வேண்டியிருக்கலாம்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒலித் தாமதம் சாதனத்துக்குச் சாதனம் மாறுகிறது. கையில் இருப்பதில் சோதித்துப் பாருங்கள். இதற்கென்று புதிதாக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன், அந்தக் காசில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கலாம்.

சொந்தமாக ஒன்று எடுக்க

பையனின் மாமாவிடம் பழைய வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமாம். செய்யலாம். என்ஏஎம் தரும் மூன்று நிமிடச் சொச்சம் சோதனை ஒலியை இண்டர்ஃபேஸிலிருந்து ரீஆம்ப் பெட்டி (இண்டர்ஃபேஸ் ஒலியைக் கிட்டார் அளவுக்கு மாற்றித் தருவது) வழியாக ஆம்ப்புக்கு அனுப்பி, வெளியே வருவதைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை டோன்3000-இல் ஏற்றினால் அங்கேயே பயிற்சி நடக்கும், கூகுளின் இணையக் கணினிச் சேவையான கோலாபிலும் நடத்தலாம். முடிவில் ஈஎஸ்ஆர் என்று பிழையின் அளவைச் சொல்லும் ஒரு எண் வரும். அது 0.01-க்குக் கீழே இருந்தால் கேப்சர் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கரோ, ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் லோட் பாக்ஸோ இணைக்காமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், மாமாவும் பேச மாட்டார்.

பதிவு முடிந்த கையோடு ஆம்ப் பெயர், ஒவ்வொரு குமிழும் நின்ற இடம், ஸ்பீக்கர் சேர்ந்ததா இல்லையா, மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். என்னிடம் 'கடைசி புதுசு 2' என்று ஒரு கேப்சர் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே அருமையானது அதுதான். எந்த ஆம்ப்பில் எடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.